தாங்கல் கிணறு

நாகர்கோவில்
19.1.2025

அய்யா உண்டு.

தம்பி கிருஷ்ணமணிக்கு அக்காள் முத்துக்கனி எழுதுவது.

நலமா என்று கேட்கக் கை வரவில்லை, அதனால் கேட்கவில்லை. நீ போன் மேல் போன் போடுகிறாய். நான் எடுக்கமாட்டேன். உன் அத்தான் போனையும் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அவர் இளகின மனசுக்காரர், நீ இரண்டு வார்த்தை பேசினால் உன் பக்கம் சாய்ந்துவிடுவார்.

தீபாவளிக்கு வந்து, இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, "ஆத்தைச் சுத்தம் பண்ணுற வேலை எனக்க கையிலதான் அக்கா இருக்கு, ஒனக்க வீட்டுக்கு ஒரு தூசி விழாது" என்று சொன்னது யார்? மார்கழியில் சர்வே ஆட்களோடு வந்து, டேப்பின் மறு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றது யார்? மதிலில் சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி போட்டார்கள். நீ அந்தப் பக்கம் பார்க்காமல் செருப்பில் ஒட்டின சேற்றைத் தட்டிக்கொண்டு இருந்தாய். அந்த மதிலுக்குக் கல் சுமந்தவள் நம் அம்மை. அது ஆற்றுப் புறம்போக்கு என்று இப்போது உன் கம்பெனி சொல்லி எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது.

ஆற்றைச் சுத்தம் பண்ணவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊர்ச் சாக்கடை எல்லாம் பழையாற்றில் சேர்ந்து, ஆகாயத்தாமரை மூடிக் கிடப்பதை நாற்பது வருசமாகப் பார்க்கிறவள் நான். ஆனால் கம்பெனியில் எஞ்சினியராக இருந்துகொண்டு அக்காளுக்கும் நல்லவனாக இருக்கப் பார்க்கிறாயே, ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று, அதுதான் பொறுக்கவில்லை.

இனி வாய்ப் பேச்சு வேண்டாம். எதுவானாலும் எழுத்தில் வை. எழுதினதை நான் நம்புவேன், அதன்படி நடப்பேன். வீட்டுப் படி ஏற வேண்டாம்.

முத்துக்கனி


குழித்துறை
27.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத்தில் வைக்கிறேன். மதில் விஷயம் என் கையில் இல்லை. டேப்பை நான் பிடிக்காவிட்டால் வேறு ஒருவன் பிடித்திருப்பான், அவன் இன்னும் இரண்டு அடி உள்ளே தள்ளிப் பிடித்திருப்பான். இதை நீ நம்பமாட்டாய் என்று தெரியும். சர்வே முடிந்த கையோடு என்னைக் குழித்துறைப் பாலம் வேலைக்கு மாற்றிவிட்டார்கள், அதனால் உன் படி ஏற எனக்கு நேரமும் இல்லை.

இப்போது முக்கியமான விஷயம். நம் வீட்டுக்கு மேற்கே ஆற்றின் குறுக்கே மண் போட்டுத் தடுத்து, தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டு, அடியில் கிடக்கிற சகதியை ஹிட்டாச்சி வைத்து அள்ளப்போகிறார்கள். அள்ளினதை உடனே லாரியில் ஏற்ற முடியாது, தண்ணீர் வடிய வேண்டும். அதற்கு, வீட்டோடு சேர்ந்து நாம் அய்யாவைக் கும்பிடுகிற தாங்கலின் பின்புறத்துத் தென்னந்தோப்பைக் குறித்திருக்கிறார்கள். மேல்மண் உடைந்தால் நாற்றம் எடுக்கும். நீயும் அத்தானும் உன் மகள் நந்தனாவும் மாசி முடியும் வரை இங்கே என் வீட்டில் வந்து இருங்கள். நந்தனா இங்கிருந்தே காலேஜுக்கு பஸ் ஏறலாம். தாங்கலில் விளக்கு ஏற்ற வேறு யாரையாவது சொல்லி வைக்கலாம்.

ஹிட்டாச்சி ஓட்ட வருகிற வினோஜ் இங்கே பக்கத்துக் கருங்கல் ஊர்க்காரன். நான்தான் அவனை வேலையில் சேர்த்துவிட்டேன். கத்தாரில் இருந்து வந்து, கல்யாணம் முடித்து, ஊரோடு இருக்கிறேன் என்று வந்து கேட்டான். சனிக்கிழமை தோறும் ஊருக்கு வருவான். அவன் கையில் கடிதம் கொடுத்தால் தபாலைவிடச் சீக்கிரம் வரும். என் மேல் உள்ள கோபத்தை அவன் மேல் காட்டாதே. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் கொடு.

கிருஷ்ணமணி


நாகர்கோவில்
6.2.2025

அய்யா உண்டு.

தம்பிக்கு,

நல்ல யோசனைதான். நாங்கள் குழித்துறைக்கு வந்து உன் வீட்டு மொட்டை மாடியில் காற்று வாங்கிக்கொண்டு இருப்போம். திரும்பி வரும்போது மதில் இருக்காது, மாட்டுத் தொழுவம் இருக்காது, அடுக்களையும் பாதி இருக்காது. ஆள் இல்லாத வீட்டை இடிக்க உன் கம்பெனிக்கு நோட்டீஸ்கூட வேண்டாம். நான் பிறந்தது நேற்று இல்லை மக்கா.

நாற்றம் எடுக்கிறது. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது எனக்குப் புதிய நாற்றமா? தேங்காய்க் கதம்பையைக் குழியில் ஊறப்போட்டு, அழுகினதை எடுத்து அடித்துத் தும்பு எடுத்துத்தானே அம்மை நம் இரண்டு பேரையும் வளர்த்தாள். அதே நாற்றம்தான். நந்தனாவின் வெள்ளிக் கொலுசு கறுத்துப்போயிற்று. அவள் பயந்தாள். கதம்பைக் குழியில் இறங்குகிறவள் வெள்ளி போடமாட்டாள், போட்டால் கறுக்கும் என்று நான் சொல்லிச் சிரித்தேன். அம்மை அந்தக் குழியில் இடுப்பளவு நின்று எண்பது வயசு வரை இருந்தாள். இந்த உடம்பும் அதில் ஊறின உடம்புதான்.

ஒன்று மட்டும் மனசைக் குடைகிறது. தாங்கல் கண்ணாடி ஓரம் முழுக்கக் கறுத்து வருகிறது. முகம் பார்த்துக் கும்பிடுகிற இடத்தில் முகம் தெரியவில்லை, இருட்டில் யாரோ நிற்பது மாதிரி இருக்கிறது. உன் அத்தான் வடசேரியில் புதுக் கண்ணாடி வாங்கிவந்து வைத்தார். அதுவும் ஓரம் கறுக்கத் தொடங்கிவிட்டது. அன்பர்கள் பார்த்தால் ஏதாவது சொல்வார்கள் என்று ஓரத்தில் துளசி மாலையைச் சுற்றி மறைத்து வைத்திருக்கிறோம்.

அடுக்களையில் பல்லி செத்து விழுகிறது. உன் அத்தான் பஞ்சாங்கத்தை எடுத்துப் பல்லி விழும் பலன் பார்த்தார். செத்து விழுகிற பல்லிக்கு அதில் பலன் போடவில்லை.

வினோஜ் நல்ல பையன். மத்தியானம் தாங்கலில் உச்சிப் படிப்பு முடிந்து கொடுக்கிற கஞ்சிக்கு அவனும் வந்து உட்காருவான். அவனுடைய பெண்டாட்டி ஜிஷா சாப்பிட்டானா என்று என் போனுக்கு அடித்துக் கேட்கிறாள், அவன் மிஷின் சத்தத்தில் எடுப்பதில்லையாம். நான் உன் போனை எடுக்காவிட்டாலும் அவள் போனை எடுக்கிறேன்.

முத்துக்கனி


குழித்துறை
13.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பல்லி செத்து விழுவதை ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த வரியில் கஞ்சியைப் பற்றி எழுத உன்னால்தான் முடியும்.

அம்மையின் கதம்பைக் குழி காயல் ஓரத்தில் திறந்து கிடந்தது. கடல் காற்று எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகும். உன் வீடு ரோட்டில் இருந்து படி இறங்கிப் போகிற பள்ளம். இப்போது பின்னால் சகதியை மலை மாதிரி குவித்து, நாலு பக்கமும் அடைத்தாயிற்று. அந்த நாற்றம் ஒரு வாயு. காற்றைவிடக் கனமானது, பள்ளத்தைத் தேடிப் போய்க் கிடக்கும். வெள்ளியைக் கறுக்க வைப்பதும் கண்ணாடியின் பின்பூச்சைத் தின்பதும் அதுதான். அய்யாவின் கோபம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. தலைவலி, கண் எரிச்சல், வாந்தி, இதில் எது வந்தாலும் அன்றைக்கே நந்தனாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பு.

வாயுவை அளக்கிற கருவி ஒன்று கம்பெனியில் இருக்கிறது. பெட்டியைப் பிரிக்காமல் ஆபீஸ் அலமாரியில் வைத்திருக்கிறார்கள். அளந்தால் வேலையை நிறுத்த வேண்டிவரும், மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்கிறார்கள். நான் கேட்டேன். "சார் பாலத்தைப் பாருங்க" என்று சொன்னார்கள். இதற்கு மேல் கேட்டால் எனக்கு வேலை இருக்காது.

கம்பெனித் தாளில் எழுதித் தா, நம்புகிறேன் என்று நீ வினோஜிடம் சொல்லி அனுப்பினாயாம். அப்படி எழுத முடியாது. இது தம்பி அக்காளுக்கு எழுதுகிறது. வாசித்ததும் கிழித்துவிடு.

உன் மதிலை நான் பிடுங்க வரவில்லை அக்கா. வந்துவிடு.

கிருஷ்ணமணி


நாகர்கோவில்
1.3.2025

அய்யா உண்டு.

அன்புள்ள தம்பிக்கு,

அன்புள்ள என்று எழுதியிருக்கிறேன், கவனித்தாயா. உன் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருந்தது கோபத்தில்தான். கம்பெனித் தாளில் எழுத முடியாது என்றால் அது பொய் என்றுதான் எடுத்துக்கொண்டேன். நந்தனா கொஞ்ச நாள் கண் எரிகிறது என்றாள். ஒரு தடவை வாந்தி எடுத்தாள். காலேஜ் கேன்டீன் பரோட்டா என்று நினைத்துக்கொண்டேன். இப்போது அவளுக்கு ஒன்றும் இல்லை.

உனக்கு ஒரு நல்ல செய்தி. நாற்றம் போய்விட்டது. முந்தாநாள் காலையில் எழுந்து முற்றம் பெருக்கும்போதுதான் கவனித்தேன், துளிகூட நாற்றம் இல்லை. உன் அத்தானைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. ரோட்டில் போகிறவர்கள் மட்டும் இன்னும் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறார்கள், பழக்க தோசம். ஆற்றைப் போய்ப் பார்த்தேன். ஒரு இடத்தில் சகதி எல்லாம் போய் அடியில் வெள்ளை மணல் தெரிகிறது. நாம் சின்னப் பிள்ளையில் குளித்த மணல் அது. கண் நிறைந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. நீ படித்ததற்கு ஒரு அர்த்தம் இருக்கிறது என்று அந்த நேரத்தில் தோன்றிற்று. மதில் போனால் போகட்டும், ஆறு வந்தால் சரி என்றுகூடத் தோன்றிற்று. உடனே மனசை மாற்றிக்கொண்டேன் என்பது வேறு.

மாசி இருபது வருகிறது. அய்யா அவதார நாளுக்கு ஊர்வலம் போகிற அன்பர்கள் வழக்கம்போல நம் தாங்கலில் நின்று, கிணற்றுத் தண்ணீர் கோரித் தலையில் விட்டு, நாமம் இட்டுக்கொண்டு போவார்கள். சாதி பார்க்காமல் எல்லாரும் கோருகிற கிணறு. இந்த வருசம் ஆற்றைத் தடுத்ததால் கிணறு வற்றி, அடியில் கொஞ்சம் கறுப்புத் தண்ணீர்தான் கிடக்கிறது. தூர் வாருவதற்கு இதைவிடத் தோதான நேரம் கிடைக்காது என்று உன் அத்தான் சொல்கிறார். நாளை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரே இறங்குகிறார். வருசா வருசம் இறங்குகிறவர்தானே. ஊறினால் செவ்வாய்க்கிழமைக்குள் நல்ல தண்ணீர் வந்துவிடும்.

நீ மாசி இருபதுக்கு வா. படி ஏறலாம். இதை எழுத்தில் தந்திருக்கிறேன்.

வினோஜ் ஊருக்குக் கிளம்பிக்கொண்டு நிற்கிறான். அவன் கையில் கொடுக்கிறேன்.

உன் அக்காள்
முத்துக்கனி


குழித்துறை
1.3.2025, சாயங்காலம்

அக்கா,

அத்தானைக் கிணற்றில் இறக்காதே.

நாற்றம் போகவில்லை. உங்கள் மூக்குதான் போய்விட்டது. அந்த வாயு கூடும்போது முதலில் மூக்கை மரத்துப்போக வைக்கும். ரோட்டில் போகிறவன் மூக்கைப் பொத்துகிறான் என்று நீயே எழுதியிருக்கிறாய், அவனுக்கு நாறுகிறது, உனக்கு நாறவில்லை. இதை நான் முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும்.

கிணற்றுக்கு மேல்பக்கம்தான் சகதி குவித்திருக்கிறது. அதில் வடிகிற தண்ணீர்தான் நீ சொல்கிற கறுப்புத் தண்ணீர். மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. இறங்கி அடியைக் கலக்கினால் இரண்டு மூச்சு போதும், ஆள் கூப்பிடக்கூட வாய் வராது. விளக்கை இறக்கிப் பார்க்கிற வித்தை இதற்கு உதவாது, தீப்பிடிக்கவும் செய்யும். ஒருவர் விழுந்தால் தூக்க அடுத்தவர் இறங்குவார், அவரும் போவார். வடக்கே ஒரு வேலையில் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அத்தான் பிடிவாதம் பிடிப்பார். காலில் விழுந்தாவது தடு. எழுத்தில் வைத்தால் அதன்படி நடப்பேன் என்றாய். எழுதிவிட்டேன்: அத்தான் இறங்கக் கூடாது.

வினோஜ் வெளியே பைக்கில் உட்கார்ந்திருக்கிறான். போன் போட்டால் நீ எடுக்கவில்லை, அத்தான் போனும் நந்தனா போனும் கிடைக்கவில்லை, அதனால் இதை அவன் கையில்தான் தருகிறேன், நாளை மத்தியானமே வந்து தந்துவிடுவான். இந்த விஷயத்தை அவன் காதில் போடாதே. வாயு என்று ஒரு வார்த்தை வெளியே போனால் பையன்கள் பயந்து மிஷினை விட்டு இறங்கிவிடுவார்கள். வேலை நின்றால் சொன்னது யார் என்று என்னிடம்தான் வருவார்கள். அவர்கள் மேலே காற்றில் இருக்கிறார்கள், ஒன்றும் ஆகாது. நாளை இங்கே பாலத்துக்குக் கான்கிரீட் போடுகிறார்கள், என்னால் நகர முடியாது. செவ்வாய்க்கிழமை நானே கருவியை எப்படியாவது எடுத்துக்கொண்டு வருகிறேன். அதுவரை கிணற்றைத் தொடவேண்டாம்.

கிருஷ்ணமணி


நாகர்கோவில்
9.3.2025

கிருஷ்ணமணிக்கு,

செவ்வாய்க்கிழமை நீ வரவில்லை. வந்தாலும் படியில் போலீஸ்தான் நின்றது.

நீ கேட்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். பேப்பரில் போட்டது நடந்தது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வினோஜ் வந்தான். ஜிஷா கொடுத்துவிட்ட மரச்சீனிக் கிழங்கு ஒரு பையில், உன் கடிதம் சட்டைப் பையில். சட்டை வியர்வையில் கடிதம் நனைந்து இருந்தது. நான் அடுக்களையில் நின்று வாசித்தேன். உன் அத்தான் தலைப்பாகையை அவிழ்த்து வைத்துவிட்டு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கிணற்றடியில் நின்றார். போய் அவர் கையைப் பிடித்தேன். காரணம் கேட்டார். வினோஜ் பக்கத்தில் நின்றான். நீ அவன் காதில் போடாதே என்று எழுதியிருந்தாய். அதனால் சகுனம் சரியில்லை, கண்ணாடி கறுத்துக் கிடக்கும்போது வீட்டு ஆண் கிணற்றில் இறங்கக் கூடாது என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அவர் நம்பினார். கண்ணாடி விஷயத்தில் அவருக்கும் பயம் இருந்தது.

வினோஜ் சிரித்தான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அண்ணன் இறங்காண்டாம் அக்கா, நான் இறங்குதேன். எனக்கு என்ன சகுனம்? ஆத்துச் சகதியில கிடந்து புரளுதவன்தானே, இது கிணறு."

எனக்கு வாய் திறந்தது. திறந்து மூடிற்று. அந்த நேரத்தில் உன்னுடைய வரி ஞாபகம் வந்தது என்று நான் சொல்லலாம். பாதிதான் அது. மீதி என்ன என்றால், என் புருசன் இறங்கவில்லை என்றதும் என் நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு எனக்கு வேறு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. இவன் இளவட்டம், இதே வேலையாகக் கிடக்கிறவன், இவனுக்குத் தெரியும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். தம்பி, நீ அத்தானை இறக்காதே என்று எழுதினாய். நான் அத்தானை இறக்கவில்லை. நீ எழுதினதில் ஒரு எழுத்து நான் மாற்றவில்லை.

முதல் வாளி மேலே வந்தது. இரண்டாவது வாளியைக் கட்டினான், தூக்கச் சொல்லிக் கயிற்றை ஆட்டவில்லை. கூப்பிட்டோம். உன் அத்தான் எட்டிப் பார்த்துவிட்டு இறங்குவதற்குக் கிணற்று உறையில் காலை வைத்தார். நானும் நந்தனாவும் அவர் காலைக் கட்டிக்கொண்டு தரையில் கிடந்தோம். அவர் என்னை அடித்தார். இத்தனை வருசத்தில் முதல் தடவை. "விடுட்டி, பிள்ளை கீழே கிடக்கான்" என்று கத்தினார். நான் விடவில்லை. தீயணைப்புக்காரர்கள் முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்கித் தூக்கினார்கள். அவன் முகத்தில் ஒரு காயம்கூட இல்லை.

கால் வழுக்கிக் கிணற்றில் விழுந்தான், கம்பெனி வேலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, லீவு நாளில் சொந்த விருப்பத்தில் இறங்கினான் என்று உன் கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது. அதில் சாட்சியாக உன் கையெழுத்து இருக்கிறது என்று போலீஸ்காரர் சொன்னார். கம்பெனித் தாளில் எழுதமாட்டேன் என்று சொன்னவன் நீ. அவர் என்னிடமும் கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். நம் இரண்டு பேருக்கும் ஒரே அம்மைதான் என்பதில் அன்றைக்கு எனக்குச் சந்தேகம் தீர்ந்தது.

கிணற்றை மூடிவிட்டார்கள். மாசி இருபதுக்கு அன்பர்கள் பிளாஸ்டிக் குடத்துத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு போனார்கள். கண்ணாடியில் சுற்றி இருந்த மாலையை நான் எடுத்துப்போட்டுவிட்டேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். ஆற்றில் வேறு ஆள் ஹிட்டாச்சி ஓட்டுகிறான். வாயுவைப் பற்றி நீ எழுதின கடிதம் இரண்டும் கிழிக்காமல் என்னிடம் இருக்கிறது.

ஜிஷா இன்று காலையில் வந்தாள். அவன் கடைசியாக நின்ற இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். காட்டினேன். பிறகு அடுக்களைப் பக்கம் வந்து கொஞ்சம் புளி கேட்டாள். கல்யாணத்துக்கு அவள் அவனுக்குப் போட்ட வெள்ளிச் சங்கிலி, ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்தது, கரிக்கட்டை மாதிரி கறுத்து இருக்கிறது. புளி போட்டு விளக்குகிறாள். வெளுக்கவில்லை. "சனிக்கிழமை போட்டுவிடும்போ வெள்ளையா இருந்திச்சே அக்கா, இது எப்படி இப்படிக் கறுத்தது?" என்று கேட்டாள்.

சாப்பிட்டுவிட்டுப் போகலாம், என் தம்பி வருவான், அவனுக்குத் தெரியும் என்று சொல்லி அவளை இருத்தி வைத்திருக்கிறேன். இதை நந்தனா பஸ் ஏறிக் கொண்டுவந்து உன் கையில் தருவாள். நீ அவளோடு வா. வராவிட்டால், ராத்திரிக்குள் உன் கடிதம் இரண்டையும் நானே ஜிஷாவுக்கு வாசித்துக் காட்டுவேன். அதோடு அன்றைக்கு நான் வாயை மூடினதையும் சேர்த்துச் சொல்வேன்.

இதற்குப் பதில் எழுதாதே. எழுத்தில் ஒன்றும் வேண்டாம். வந்து, அவள் முகத்தைப் பார்த்து, வாயால் சொல்.

முத்துக்கனி